பழைய கிராஃபிக்ஸ் கார்டு புதுசை ஜெயித்த இடங்கள் தெரியுமா?

காஞ்சிபுரம் பட்டுத்தறியின் உச்சியில் ஒரு பெட்டி இருக்கும். ஜக்கார்டு பெட்டி. அதில் துளை போட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்து வரிசையாகத் தொங்கும். அந்த அட்டை ஒவ்வொன்றிலும் 30 பைட் தகவல் இருக்கிறது, தெரியுமா?

கணக்கு சுலபம்தான். 240 ஊக்கு ஜக்கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டையில் 240 இடம். துளை இருந்தால் அந்த ஊக்கு மேலே எழும், அதில் கட்டிய பாவு இழையும் எழும். துளை இல்லாவிட்டால் எழாது. ஆம், இல்லை என்று 240 பதில்கள். எட்டு பதில் சேர்ந்தால் ஒரு பைட், ஆக 30 பைட். ஓர் அட்டை திரும்பினால் ஓர் ஊடை, அதாவது ஒரு குறுக்கு இழை. ஆயிரம் அட்டையில் ஒரு கரை டிசைன் முடிகிறது என்றால் மொத்தமே 30,000 பைட்! நீங்கள் காலையில் வாட்ஸப்பில் அனுப்பும் வணக்கப் படம் இதைவிடப் பெரியது. இவ்வளவு சின்னத் தகவலில்தான் யாளியும் அன்னமும் ருத்ராட்சமும் பட்டில் எழுந்து நிற்கின்றன.

இந்த அட்டைப் பொறியை 1804-இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் உருவாக்கியவர் ஜோசஃப் மரி ஜக்கார்டு. அவருடைய உருவத்தையே 1839-இல் பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன! ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துளையிடங்கள். இன்றைய கணக்கில் சுமார் 3 எம்பி. கணினியின் தந்தை என்று நாம் படித்த சார்லஸ் பாபேஜ் அந்தப் பட்டுப் படம் ஒன்றை வாங்கித் தன் வீட்டில் மாட்டி வைத்திருந்தார்.

அந்த 3 எம்பியை மனத்தில் வையுங்கள். 1996-இல் கணினி விளையாட்டு உலகத்தையே புரட்டிப்போட்ட கிராஃபிக்ஸ் கார்டு 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ. அதன் மெமரி வெறும் 4 எம்பி. ஜக்கார்டின் பட்டு உருவத்தைப் போட்டாலே கிட்டத்தட்ட நிறைந்துவிடும். 2025 ஜனவரியில் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090-இன் மெமரி 32 ஜிபி. அதே பட்டு உருவத்தைப் பத்தாயிரம் பிரதி உள்ளே அடுக்கலாம்!

வூடூவில் இன்னொரு ஆச்சரியம். அதற்கு முப்பரிமாணப் படம் மட்டும்தான் தெரியும். சாதாரண எழுத்தையும் ஐகானையும் காட்ட இன்னொரு கார்டு வேண்டும். இரண்டையும் வெளியே ஒரு ஒயரால் இணைக்க வேண்டும். இன்று போனுக்குள் நகத்தளவு சிப் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறது.

கூரம் போல காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர்களில் வளரும் பிள்ளைகள் கட்டம் போட்ட டிசைன் தாளைப் பார்த்திருப்பார்கள். ஒரு கட்டம், ஒரு வண்ணம். கம்ப்யூட்டர் திரையும் அதே கட்டத்தாள்தான். நம் வீட்டு முழு எச்டி திரையில் 20,73,600 கட்டங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் வேலை அத்தனை கட்டத்துக்கும் வண்ணம் முடிவு செய்வது. அதையும் நொடிக்கு 60 தடவை! பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட முடிவுகள், ஒரே ஒரு நொடியில்.

1999-இல் என்விடியா ஜிஃபோர்ஸ் 256 கார்டை வெளியிட்டு, உலகின் முதல் ஜிபியு இதுதான் என்று அறிவித்தது. அதில் இருந்த டிரான்சிஸ்டர்கள் சுமார் 2 கோடி. ஆர்டிஎக்ஸ் 5090-இல் 9,220 கோடி! கால் நூற்றாண்டில் நாலாயிரம் மடங்கு. ஆனால் அதனால் 5090 எல்லா வேலையிலும் நாலாயிரம் மடங்கு வேகம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கார்டையும் புதிய கார்டையும் ஒப்பிடுவதில் மயக்கம் தொடங்குவதே இங்கேதான். எந்த வேலைக்கு என்று கேட்காமல் எந்தக் கார்டு பெரிது என்று யாராலும் சொல்ல முடியாது.

மயில்கழுத்து நிறத்தையே பாருங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். சேலையை லேசாகத் திருப்பினால் நீலம், மறுபடி திருப்பினால் பச்சை. மடிப்பில் ஒன்று, விரிப்பில் ஒன்று. இதைத் திரையில் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஜிஃபோர்ஸ் 256 காலத்துக் கார்டுகளுக்குள் ஒளி எப்படி விழும் என்ற சூத்திரம் முன்பே பதிக்கப்பட்டிருந்தது. எந்தத் துணியானாலும் அதே சூத்திரம்தான். பட்டும் பிளாஸ்டிக்கும் ஒரே மாதிரி மின்னும். 2001-இல் வந்த ஜிஃபோர்ஸ் 3-இல்தான் டிசைனர் தானே சின்னச் சின்ன நிரல் எழுதி, இந்தப் பரப்பு இந்தக் கோணத்தில் இப்படி மின்ன வேண்டும் என்று சொல்ல வழி பிறந்தது. திரையில் பட்டு பட்டாகத் தெரியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். வேகத்தை மட்டும் அளந்திருந்தால் இந்த மாற்றம் கண்ணிலேயே பட்டிருக்காது.

அடுத்தது இன்னும் பெரிது. கூரத்தின் பெயரைத் தாங்கிய நடராசர் செப்புத்திருமேனி ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்லவர் காலத்தது. முழங்காலை உயரத் தூக்கிய நிலை. வளைந்து வளைந்து செல்லும் உலோகம் என்பதால் பக்கத்து விளக்கு, சுவர், பார்க்கும் நம் நிழல் எல்லாமே மேனியில் எங்காவது பிரதிபலிக்கும். பழைய கார்டுகள் இந்தப் பிரதிபலிப்பைக் கணக்கிடவே இல்லை! சுற்றுப்புறத்தின் படத்தை முன்கூட்டியே தயாரித்து, சிலைமேல் ஒட்டிவிடும். நீங்கள் அருகே போனாலும் விளக்கை அணைத்தாலும் அந்த மினுக்கம் மாறாது. ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று பின்தொடரும் முறை 1980-லேயே டர்னர் விட்டெட் என்ற ஆய்வாளரின் கட்டுரையில் வந்துவிட்டது. ஆனால் அன்று சில கோளங்கள் கொண்ட ஒரே ஒரு படத்துக்குக் கம்ப்யூட்டர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் உழைத்தது. 2018 செப்டம்பரில் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 இதற்கென்றே தனிப் பகுதிகளோடு வந்தது. அதே வேலை இப்போது நொடிக்குப் பல தடவை நடக்கிறது.

இனி எண்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, 2017. ஆர்டிஎக்ஸ் 3060, 2021. இரண்டு தலைமுறை இடைவெளி. இரண்டிலும் கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கை எவ்வளவு தெரியுமா? 3,584! இரண்டிலுமே 3,584. ஒற்றை எண் பிசகில்லை. தாளில் கணக்கிட்டால் புதியது கொஞ்சம் முன்னே: 11.3 டெராஃப்ளாப்புக்கு எதிராக 12.7. ஒரு டெராஃப்ளாப் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு. ஆனால் வழக்கமான விளையாட்டுகளை ஓட்டிப் பார்த்தால் பழைய 1080 டிஐ சமமாக நிற்கும், பல இடங்களில் முந்தும். எப்படி? 3060-இன் தலைமுறையில் கோரை எண்ணும் விதம் மாறிவிட்டது. அதில் பாதிப் பகுதிகள் இரண்டு வகைக் கணக்கை மாறி மாறிச் செய்பவை. முழு எண் கணக்கு வந்துவிட்டால் அவை அந்தப் பக்கம் போய்விடும். மெமரியிலிருந்து தகவல் வரும் வேகத்திலும் பழையது மேல்: நொடிக்கு 484 ஜிபி, புதியதில் 360. இது முக்கியம். எத்தனை தறி போட்டாலும் நாடாவில் சுற்ற நூல் வரவில்லை என்றால் நெசவாளர் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

அப்படியானால் 1080 டிஐ வாங்கலாமா? அவசரப்படாதீர்கள். அது 250 வாட் கேட்கிறது, 3060-க்கு 170 போதும். அதைவிடப் பெரிய விஷயம், 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' விளையாட்டுக்குக் கதிர் பின்தொடரும் வன்பொருள் கட்டாயம். 1080 டிஐயிடம் அது இல்லை. நேற்றுவரை 3060-க்கு ஈடுகொடுத்த கார்டுக்கு இந்த ஒரு விளையாட்டு கதவையே சாத்திவிட்டது. 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' விளையாட்டிலும் இதே நிபந்தனை.

இதற்கு நேர் எதிராகவும் நடந்தது, தெரியுமா? 2025-இல் இரண்டாயிரம் டாலர் கொடுத்து 5090 வாங்கியவர்கள் 'பார்டர்லாண்ட்ஸ் 2', 'மிரர்ஸ் எட்ஜ்' மாதிரி பழைய விளையாட்டுகளைப் போட்டார்கள். துணி படபடப்பதையும் கண்ணாடி நொறுங்குவதையும் கார்டிலேயே கணக்கிடும் பிஸ்எக்ஸ் என்ற வசதி அவற்றில் உண்டு. அந்தப் பழைய 32 பிட் நிரலுக்கான ஆதரவை என்விடியா புதிய தலைமுறையிலிருந்து எடுத்துவிட்டிருந்தது. வேலை முழுவதும் சாதாரண பிராசஸர் தலையில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கும் காட்சி வந்தால் படம் திணறியது. பத்தாண்டுப் பழைய கார்டு வழுக்கிக்கொண்டு ஓட்டிய காட்சி, உலகின் வேகமான கார்டில் தடுமாறியது! சிலர் என்ன செய்தார்கள் என்றால், 5090-க்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பழைய கார்டையும் செருகி, பிஸ்எக்ஸ் வேலையை அதனிடம் விட்டார்கள். அப்படிச் செய்ததும் திணறல் சரியானது. பிறகு என்விடியாவே குறிப்பிட்ட சில விளையாட்டுகளுக்கு மட்டும் ஆதரவைத் திருப்பிக் கொடுத்தது.

சென்னை தரமணிக்கு ஒரு நடை போய் வருவோம். அங்கே கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 2004-இல் அங்குள்ள விஞ்ஞானிகள் 144 கம்ப்யூட்டர்களை இணைத்து 'கப்ரு' என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். கப்ரு ஓர் இமயச் சிகரத்தின் பெயர். நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு, அதாவது ஒரு டெராஃப்ளாப் என்ற எல்லையைத் தாண்டி, உலகின் 500 வேகமான கம்ப்யூட்டர்களின் பட்டியலில் அது இடம்பிடித்தது. தமிழ்நாட்டுக்கு எவ்வளவு பெருமை! 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 என்ற ஒற்றைக் கார்டின் வேகம் 82 டெராஃப்ளாப் என்கிறார்கள். அப்படியென்றால் ஒரு கார்டு 80 கப்ருவுக்குச் சமமா?

இல்லவே இல்லை! கப்ரு செய்தது நுணுக்கமான 64 பிட் கணக்கு. 4090-இன் 82 என்பது 32 பிட் கணக்கு. விளையாட்டுக்கு அதுவே தாராளம். ஆனால் 64 பிட் கணக்கு கொடுத்தால் 4090-இன் வேகம் 64-இல் ஒரு பங்காகச் சுருங்கும். சுமார் 1.3 டெராஃப்ளாப். கப்ருவைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. 2013-இல் வந்த ஜிடிஎக்ஸ் டைட்டன் என்ற கார்டுக்கும் 64 பிட் வேகம் ஏறத்தாழ அதே 1.3! ஒன்பது ஆண்டு கழித்து வந்த கார்டால் இந்த ஒரு வேலையில் அதை மீற முடியவில்லை. காரணம் திறமைக் குறைவு அல்ல. விளையாடுகிறவர்களுக்கு 64 பிட் தேவையில்லை என்று தெரிந்து, அந்தப் பகுதிக்கு இடம் கொடுக்காமல் விட்டார்கள். ஆராய்ச்சிக்காக என்றே தனி விலையில், தனி வகைக் கார்டு விற்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒன்றுதான் எச்100. பல லட்ச ரூபாய். ஆனால் அதில் மானிட்டர் ஒயர் செருக இடமே இல்லை! திரையில் ஒரு புள்ளிகூடக் காட்டாத கார்டு. செயற்கை நுண்ணறிவுக் கணக்கும் ஆராய்ச்சிக் கணக்கும் மட்டும் போடும். மத்திய அரசின் இந்தியாஏஐ திட்டத்துக்காக 2025 ஜனவரியில் அறிவித்த 18,693 கார்டுகளில் பெரும் பங்கு இந்த வகைதான். கார்டுகளில் செயற்கை நுண்ணறிவு வளர்ந்த கதை எங்கே சூடுபிடித்தது தெரியுமா? 2012-இல் டொரண்டோவில், விளையாட்டுக்காக விற்ற இரண்டே இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில்! அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹிண்டன் மூவரும் 12 லட்சம் படங்களை அவற்றுக்குக் காட்டிப் பழக்கினார்கள். ஐந்தாறு நாள் ஓடியது. ஒரு கார்டின் 3 ஜிபி மெமரியில் வேலை முழுவதும் அடங்காததால்தான் அதை இரண்டாகப் பிரித்தார்கள். இன்று நூற்றுக்கணக்கான கோடி செலவில் நடப்பதற்கெல்லாம் விதை அந்த இரண்டு பழைய கார்டுகள்.

பெயரை நம்பி வாங்காதீர்கள் என்று ஒவ்வொரு கடை வாசலிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஜிடி 1030 என்று ஒரு கார்டு. 2017-இல் வந்தபோது மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு மலிவான டிடிஆர்4 மெமரி வைத்து, அதே பெயரிலேயே இன்னொன்று வந்தது. அதில் 16.8 ஜிபி! கோர் எண்ணிக்கை அதே 384. விளையாட்டில் வேகம் பாதியாக விழும். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காதவருக்கு வித்தியாசமே தெரியாது. லேப்டாப்பிலும் இதே கதை. மேசைக் கணினியின் 4090-இல் 16,384 கோர், லேப்டாப்பின் 4090-இல் 9,728. பெயர் ஒன்று, பொருள் வேறு.

2025 ஜனவரி 6 அன்று லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070-ஐக் காட்டி, இது 4090-இன் வேகம் தரும் என்றார். அரங்கம் அதிர்ந்தது. 5070-இல் கோர் 6,144தான், 4090-இல் பாதிகூட இல்லை. பிறகு எப்படி? திரையில் வரும் நான்கு படத்தில் ஒன்றை மட்டும் கார்டு வரைகிறது. மற்ற மூன்றையும் செயற்கை நுண்ணறிவு ஊகித்து இடையில் செருகுகிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும், அது நிஜம். ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்தியதும் விளையாட்டு பதில் சொல்லும் நேரம் அந்த ஒரு நிஜப் படத்தைப் பொறுத்தது. ஒப்பிடும்போது இந்த வசதியை அணைத்துவிட்டு ஒரு தடவை, போட்டு ஒரு தடவை என்று இரண்டு அளவும் கேளுங்கள்.

கரண்ட் பில் பக்கம் போவோமா? 5090 முழு வேகத்தில் 575 வாட் இழுக்கும். தினம் நாலு மணி நேரம் விளையாடினால் இரண்டு மாதத்தில் 138 யூனிட், கார்டு மட்டும்! 2016-இல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு என்று அறிவித்த இலவச 100 யூனிட்டை அது ஒன்றே விழுங்கிவிடும். கைத்தறி நெசவாளருக்கு 2023-இல் உயர்த்திய 300 யூனிட்டில் ஏறக்குறைய பாதி. 2016-இன் ஜிடிஎக்ஸ் 1060-க்கு 120 வாட், 2023-இன் ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட். அதே நாலு மணி நேரத்துக்கு இரண்டுமே 28 யூனிட்டை ஒட்டித்தான் வரும். ஆனால் அந்த 28 யூனிட்டில் 4060 செய்யும் வேலை இரண்டு மடங்குக்கும் மேல். ஏழாண்டு முன்னேற்றத்தின் உண்மையான அழகு இதுதான் என்று நினைக்கிறேன். அதே கரண்டில் கூடுதல் வேலை.

ஒரு சின்னத் தகவல், காஞ்சிபுரம் மாவட்டப் பெருமைக்காக. ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் 2007-இல் டெல் நிறுவனம் கம்ப்யூட்டர் தொழிற்சாலை திறந்தது. அவருடைய முதன்மைச் சீடர் கூரத்தாழ்வான் பிறந்தது கூரத்தில். குருவின் ஊரில் பூட்டிய பெட்டி சீடரின் ஊர் வீட்டு மேசைக்கு வந்து சேர அதிக தூரம் இல்லை!

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்களுக்கு: 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியது. அதுவரை அதைத் தோண்ட இரவு பகலாக ஓடிய லட்சக்கணக்கான கார்டுகள் ஒரே நாளில் வேலை இழந்து சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லதும் உண்டு, ஃபேன் தேய்ந்து மெமரி சூடேறிப்போனதும் உண்டு. கடையிலேயே செருகச் சொல்லி, கனமான ஒரு விளையாட்டைப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். திரையில் கோடு விழுகிறதா, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று கவனியுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி அந்தக் கார்டின் வாட்டைத் தாங்குமா என்பதையும் போகும்முன்பே பார்த்து வையுங்கள்.

சேலை டிசைன் போடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கட்டம் நிரப்பி அட்டைக்கு அனுப்பும் வேலைக்குப் புதிய கார்டு தேவையே இல்லை. பிராசஸரோடு சேர்ந்தே வரும் கிராஃபிக்ஸ் போதும். கடன் வாங்கி 5070 போட்டால் அந்தக் கரையில் ஓர் அன்னம்கூடச் சீக்கிரம் நீந்தாது. வண்ணம் சரியாகக் காட்டும் நல்ல மானிட்டருக்கு அந்தப் பணத்தைக் கொடுங்கள், மயில்கழுத்து மயில்கழுத்தாகவே தெரியும். புடவையை உடுத்திய பொம்மையை முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டி வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால், அப்போது மெமரி கூடுதலான ஆர்டிஎக்ஸ் கார்டைப் பாருங்கள். அந்த வேலைக்கு 8 ஜிபி 4060-ஐவிட 12 ஜிபி 3060 கைகொடுக்கும் நேரங்கள் உண்டு. காட்சி மெமரியில் அடங்காவிட்டால் வேகமான கார்டும் படுத்துவிடும்.

வீட்டில் ஜிடிஎக்ஸ் 1060 ஓடிக்கொண்டிருக்கிறதா? 2025 அக்டோபரோடு அந்தத் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் நின்றுவிட்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும். தவறாமல் போட்டுவிட்டு, அதுவரை நிம்மதியாக வேலையைப் பாருங்கள்.